பங்குனி மாசத்து ஒன்பது குப்பிகள்

ஹட் பேயில் ஊருக்குப் பேர் வைத்தவர்கள் உண்டு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் இல்லை. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டரோ அதுதான் ஊர். பதினொன்றில் பெண்ணெடுத்தான், பதினாறில் கடை வைத்தான், பத்தொன்பதில் செத்துப்போனான் என்று ஒரு மனுஷனின் முழு வாழ்க்கையையும் மைல்கல்லை வைத்தே சொல்லி முடித்துவிடலாம். மங்கையர்க்கரசி பதினாலு கிலோமீட்டர்க்காரி. பாமாயில் தோட்டம் நடந்த காலத்தில் அவள் புருஷன் கிருஷ்ணன் நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கிற வேலையில் இருந்தான். தோட்டத்தை மூடிவிட்டார்கள். கம்பு இன்னும் கூரை எறவாணத்தில் செருகிக் கிடக்கிறது. இப்போது அவனுக்கு இருப்பது நூற்றைம்பது பாக்கு மரமும் ஒரு சின்ன வெற்றிலைக் கொடிக்காலும். இரண்டுக்கும் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையிலிருந்து.

ஓடைக்கும் பேர் கிடையாது. டிக்ரி என்று இங்கே எல்லாரும் சொல்கிற குன்றிலிருந்து இறங்கி, பாக்குத்தோப்பை உரசிக்கொண்டு போய், முதலை கிடக்கிற கழியில் விழுந்துவிடும். சர்க்கார் காகிதத்தில் அதை ‘நாலா’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நாலா என்றால் மழை பெய்தால் ஓடுகிற வாய்க்கால். அட, எழுதின மகராசன் பங்குனி வெயிலில் ஒருதரம் வந்து காலை நனைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருப்பானா? எந்தக் கோடையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். சுனாமிக்குப் பிறகு ரோட்டுக்குக் கீழ்ப்பக்கக் கிணறெல்லாம் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. பதினாலு கிலோமீட்டரில் பதினேழு வீட்டுக்காரர்கள் சோறு பொங்கியது இந்த ஓடைத் தண்ணீரில்தான்.

முந்தாம் வருஷம் ஆடியில் ஷோபனா வந்தாள். போர்ட் பிளேரில் ஹேடோப் பக்கம் பிறந்து வளர்ந்த பெண். அங்கேயே ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஓடையில் இருக்கிற சின்னச் சின்னப் பூச்சிகளைப் பிடித்து எண்ணுவதற்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது, கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்றாள். ஊரே சிரித்தது.

“பூச்சி எண்ணச் சம்பளமா? நம்ம வீட்டு அரிசியிலயே எண்ணலாமே” என்றாள் பக்கத்து வீட்டு ஜெயராணி.

“இவளுக்குச் சரியான வேலைதான். என் தலையில பேன் பாத்தே கண்ணு தேறிப் போச்சு” என்று கிருஷ்ணன் கேலி செய்தான். ஆனாலும் மறுநாள் பொண்டாட்டிக்குப் பழைய ரப்பர் பூட்ஸைத் தேடிக் கழுவி வைத்தவன் அவன்தான்.

வேலை இதுதான். வருஷத்துக்கு மூன்று தரம்: மழைக்கு நடுவில் ஆடியில், மழை ஓய்ந்து மார்கழியில், வெயில் உச்சத்தில் பங்குனியில். ஓடையில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தரம். தண்ணீர் வருகிற திசைக்கு வாய் வைத்து வலையை ஊன்றிக்கொண்டு, வலைக்கு முன்னால் இருக்கிற கல்லையும் சருகையும் காலால் கிளறிவிட வேண்டும். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதெல்லாம் அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, குந்தி உட்கார்ந்து, பஞ்சுமுனைத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். முதுகு விட்டுப் போகும். அட்டை வேறு, சொல்லாமல் கொள்ளாமல் தொடைவரைக்கும் ஏறியிருக்கும்.

ஷோபனா இங்கிலீஷில் சொன்ன பேரெல்லாம் வாயில் நுழையவில்லை. மங்கையர்க்கரசி தானே பேர் வைத்துக்கொண்டாள். தட்டையாக, வட்டமாகக் கல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது காசுப்பூச்சி. மணலை எச்சிலால் ஒட்டிச் சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிற புழு, டெய்லர். வாலாக மூன்று மயிர் நீட்டிக்கொண்டு, இரண்டு விலாவிலும் செதில் படபடக்க நிற்பது மூணுவால். சேற்றில் கிடக்கிற சிவப்புப் புழு, செம்புழு. ஷோபனா சிரித்துக்கொண்டே அந்தப் பேர்களையே தன் நோட்டிலும் எழுதிக்கொண்டாள்.

“இந்த மூணுவாலத்தான் அக்கா முக்கியமாப் பாக்கணும். மாசக்கணக்கா ஓடுற தண்ணிக்குள்ளயே கெடந்துதான் வளரும். தண்ணி நின்னாலும் செத்துரும், கலங்குனாலும் செத்துரும்.”

“அப்ப இது இருக்குன்னா தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தமா?”

“அவ்ளோதான் அக்கா. நான் படிச்ச படிப்பே அவ்ளோதான்.”

பிடித்ததையெல்லாம் ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் போட வேண்டும். தேதியும் இடமும் பென்சிலால் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளேயே போட வேண்டும். பேனா மை என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஒரு தரத்துக்கு ஒன்பது குப்பி; ஷோபனா வந்து கேட்கிற வரைக்கும் பரண்மேல் பெட்டியில் வரிசையாக இருக்கும். மங்கையர்க்கரசிக்கு இந்தக் கடைசி வேலைதான் பிடிக்கவே இல்லை. மூணுவால் ஸ்பிரிட்டில் விழுந்ததும் ஒரு சுழற்று சுழன்று நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் ‘முருகா’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். கோழி அறுக்கிறபோதும், மீன் கழுவுகிறபோதும் அவளுக்கு இந்தச் சங்கடம் வந்ததில்லை. அதைத் தின்கிறோம்; இதை என்ன செய்கிறோம்?

முதல் வருஷம் மாசியில் மகள் கவிப்ரியா போன் செய்தாள். அவள் புருஷன் வினோத் ஹேடோ வார்ஃபில் சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளை தங்காமல் போய்விட்டது.

“அம்மா, மறுபடி நாள் தள்ளிப் போயிருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா” என்று அழுதாள்.

மங்கையர்க்கரசி போனை வைத்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இந்தப் பிள்ளை தங்கட்டும், இந்த வருஷத்திலிருந்தே மூன்று வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன். விரத நாளில் ஓர் உயிருக்கும் என் கையால் தீங்கு வராது. அப்படித்தான் வேண்டிக்கொண்டாள்.

காப்புக் கட்டின ஏழாம் நாள் ஓடை வேலை வந்துவிட்டது. மஞ்சள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் மட்டும் குளிர்ந்து கண்ணாடி மாதிரி ஓடியது. அன்றைக்கு வலையில் வந்த மாதிரி அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தட்டு முழுக்கக் குறுகுறுவென்று ஓட்டம். மூணுவால் மட்டும் ஒன்பது தட்டிலும் சேர்த்து இருநூற்றுப் பதினொன்று. இரண்டு தரம் எண்ணினாள். நோட்டில் எழுதினாள். ஸ்பிரிட் குப்பியின் மூடியைத் திறந்தாள். வாடை மூக்கில் ஏறியதும் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

எண்ணியாயிற்று. எழுதியாயிற்று. இதுகளைக் கொன்று என்ன ஆகப்போகிறது? மகள் வயிற்றில் இதே அளவுக்கு ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறபோது, இருநூறு உயிரை எடுத்துவிட்டுப் பால்குடம் தூக்கினால் முருகன் ஏற்றுக்கொள்வானா?

தட்டைச் சாய்த்து ஒவ்வொன்றாக ஓடையிலேயே விட்டாள். மூணுவால்கள் கல்லைத் தேடி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. நோட்டில் கணக்குக்குப் பக்கத்தில் ‘விரதம். விட்டாச்சு’ என்று எழுதிவைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் ரோட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் ஷோபனாவுக்குப் போனில் கணக்கைச் சொன்னபோது, “இருநூத்திப் பதினொண்ணா! அக்கா, அக்கா!” என்று அவள் கத்தினாள். விட்டதை மட்டும் மங்கையர்க்கரசி சொல்லவில்லை. திட்டுவாளோ என்ற பயம்தான், வேறென்ன.

பங்குனி உத்திரம் முடிந்த பத்தாம் நாள் டிக்ரியில் மிஷின் ஏறியது. கல் குவாரி வரப்போகிறதாம். முதலில் லாரி ஏற வழி வெட்டினார்கள். வெட்டின மண்ணைச் சரிவில் தள்ளினார்கள். முதல் மழையில் அத்தனையும் ஓடைக்கு வந்துவிட்டது. தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி ஆனது. ஆடியில் வலை போட்டபோது காசுப்பூச்சி இல்லை, டெய்லர் இல்லை. மார்கழியில் செம்புழுவைத் தவிர ஒன்றுமே இல்லை. அதைப் பொறுக்கிக் குப்பியில் போடும்போது மங்கையர்க்கரசிக்கு ‘முருகா’ சொல்லக்கூட வாய் வரவில்லை.

நடுவில் ஐப்பசியில் கவிப்ரியாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, மூன்று கிலோ. தாய் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வந்த இரண்டாம் மாதம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரை நாலாக மடித்த வேட்டியில் வடிகட்டி, படிகாரம் சுற்றி, கொதிக்க வைத்து, ஆறவைத்து, மறுபடி வடிகட்டினாலும் டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மண் நிற்கும். தண்ணீர் டேங்கர் மூன்று நாளைக்கு ஒருதரம் வரும், அல்லது வராது. கொடிக்கால் வேர் சேறு பூசி அழுகிவிட்டது. கிருஷ்ணன் வெற்றிலை பறிக்கிற கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பீடி குடிக்க ஆரம்பித்தான்.

ஊர் சேர்ந்து மனுக் கொடுத்தது. மாசியில் விசாரணை என்று காகிதம் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: இது மழைத்தண்ணி ஓடுகிற நாலாவா, வருஷம் பூரா ஓடுகிற ஓடையா? ஓடை என்றால் குவாரி தள்ளிப் போக வேண்டும். நாலா என்றால் மண்ணைக் கொட்டி மூடிக்கொள்ளலாம். குவாரிக்காரர்கள் நாலா என்றார்கள். ஊர்க்காரர்களிடம் வாய்ப்பேச்சைத் தவிர என்ன இருந்தது? ஷோபனா போனில் சொன்னாள்: “கவலைப்படாதீங்கக்கா. மிஷின் ஏறுறதுக்கு முன்னாடி பங்குனியில எடுத்த குப்பி இருக்கு. மூணுவால் இருநூத்திப் பதினொண்ணு. அத்தனை வெயில்ல மூணுவால் இருந்திச்சுன்னா அது ஓடைதான். எந்த சாஹிப் வந்தாலும் பேச முடியாது.”

தான் விட்டது என்ன என்று அன்றைக்குத்தான் மங்கையர்க்கரசிக்கு உறைத்தது. “மேடம்...” என்று ஆரம்பித்தாள். போன் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு தினமும் சொல்லிவிடலாம் என்று ரோடு வரைக்கும் போவாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானக் கப்பலில் ஷோபனா வந்து இறங்கினாள். கிருஷ்ணன் அவளுக்காகக் கோக்காரி மீன் வாங்கிவந்திருந்தான். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஷோபனா கைகால் கழுவினதும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவைத்துத் திறந்தாள். உள்ளே வரிசை வரிசையாகக் குழி. முதல் ஆடி ஒன்பது, மார்கழி ஒன்பது. மூன்றாவது வரிசை காலி. நாலாவதிலும் ஐந்தாவதிலும் சேற்று நிறத்தில் பதினெட்டுக் குப்பி.

“பங்குனி வரிசை எங்கக்கா? வேற டப்பாவுல வச்சிருக்கீங்களா?”

மங்கையர்க்கரசி குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, “இல்ல மேடம்” என்றாள்.

“ஒடஞ்சு போச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“பூச்சிகளத் திருப்பி ஓடையிலயே விட்டுட்டேன். எனக்கு அப்பக் காப்புக் கட்டி ஏழாம் நாள். எறும்பக்கூட மிதிக்காம நடந்துக்கிட்டிருந்தேன். கொல்ல மனசு வரல மேடம். எண்ணுனது நெசம். முருகன்மேல சத்தியமா ஒண்ணக் கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல.”

ஷோபனா பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலியாகக் கிடந்த ஒன்பது குழியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா, நீங்க பொய் எழுத மாட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? நோட்டு யார் வேணா எழுதலாம்னுதான சொல்வாங்க. உடம்பு வேணுமே அக்கா. குப்பியில உடம்பு இருந்தாத்தான் சாட்சி.”

“இந்தப் பங்குனியில மறுபடி பிடிச்சிரலாம்ல மேடம்? இன்னும் ஒரு மாசம்தான?”

“இப்ப என்னக்கா இருக்கு அந்தத் தண்ணியில?”

வாசலில் நின்ற கிருஷ்ணன் உள்ளே வந்தான். “அரே பாப் ரே! ஏண்டி, அதக் குப்பியில போடுறதுக்குத்தானடி ஒனக்குச் சம்பளமே குடுத்தாங்க? இருநூறு பூச்சிக்குப் பாவம் பாத்தியே, இந்தப் பதினேழு வீட்டப் பாத்தியா?”

“அப்பா, சும்மா இருங்க” என்றாள் கவிப்ரியா. பிள்ளை அவள் தோளில் கிடந்தது. “அம்மா எனக்காகத்தான விரதம் இருந்துச்சு. இவனுக்காகத்தான?”

கிருஷ்ணன் பேரனைப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து ஷோபனாவுக்கு எதிரில் குந்தினான்.

“மேடம், நான் படிக்காதவன். தப்பா நெனக்கக் கூடாது. அந்த மொத மார்கழிக் குப்பி நல்ல குப்பிதான? அதுல கெடக்குற மூணுவாலும் மூணுவால்தான? நாலு குப்பிய எடுத்து உள்ள இருக்குற சீட்ட மட்டும் மாத்திப்புட்டா என்ன? பென்சில் எழுத்து. யாருக்குத் தெரியப் போவுது? இருந்தது நெசம், எண்ணுனது நெசம். சீட்டு ஒண்ணுதான பொய்?”

குழம்பு தளதளவென்று கொதித்தது. ஷோபனா பெட்டி ஓரத்தில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். மார்கழிக் குப்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுதிவிடு தாயே, எழுதிவிடு என்று மங்கையர்க்கரசியின் மனசு அடித்துக்கொண்டது. அப்படி அடித்துக்கொள்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஷோபனா குப்பியைக் குழியில் திருப்பி வைத்தாள். “முடியாதுண்ணே. மார்கழிப் பூச்சி பாதிதான் வளந்திருக்கும், தெரிஞ்சவன் பாத்தாக் கண்டுபிடிச்சிருவான். அதுக்காக மட்டும் சொல்லல. ஒரு சீட்டு மாத்துனேன்னா, இந்தப் பெட்டியில இருக்குற மத்த சீட்டையும் யாரும் நம்ப வேண்டியதில்ல.”

“ஒங்க நேர்மைய வச்சு நாங்க கஞ்சி காய்ச்ச முடியாது மேடம்” என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணன் வெளியே போனான். மீன் குழம்பை அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பூனைதான் முள்கூட மிச்சமில்லாமல் தின்றது.

காலையில் விசாரணை ஓடைக் கரையிலேயே நடந்தது. விசாரிக்க வந்த சாஹிப் வடக்கத்திக்காரர், கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் போட்ட நாற்காலியில் உட்காராமல், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே கரையில் இறங்கிப் பார்த்தார். அங்கே ஓடின காவித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து உதறினார். குவாரியின் எஞ்சினியர் பிரவீன்குமார் குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றான். அவனும் தமிழன்தான், ஹேடோவில் மூன்று தலைமுறைக் குடும்பம்.

ஷோபனா ஒவ்வொரு குப்பியாக எடுத்து விளக்கினாள். ஆடி, மார்கழி. சாஹிப் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “டீக் ஹை, டீக் ஹை” என்று தலையாட்டினார்.

பிரவீன்குமார் மரியாதையாகக் குறுக்கிட்டான். “சார், இதெல்லாம் மழைக்காலமும் மழை ஒட்டின மாசமும். அப்ப நாலாவுல தண்ணி இருக்கும்னு நாங்களே சொல்றோம். கர்மீ கா சாம்பிள் கஹாம் ஹை?”

கோடையில் எடுத்தது எங்கே என்று சாஹிப்பும் கேட்டார். ஷோபனா நோட்டை நீட்டினாள். அவர் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, “யே க்யா லிக்கா ஹை?” என்றார். தமிழில் எழுதியிருந்த அந்த இரண்டு வார்த்தைகள் என்ன என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டினாள். “சாஹிப், மேரா வ்ரத் தா. பேட்டி கே லியே. இஸ்லியே சோட் தியா. லேகின் கின்தி சச் ஹை சாஹிப், பூரா சச் ஹை.” மகளுக்காக விரதம், அதனால் விட்டுவிட்டேன், எண்ணிக்கை மட்டும் முழு உண்மை.

சாஹிப் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவியும் விரதம் இருப்பவளாம், சொன்னார். “அம்மா, ஆப்னே அச்சா காம் கியா. லேகின் சபூத் நஹீம் ஹை.” நல்ல காரியம்தான் செய்தீர்கள், ஆனால் ஆதாரம் இல்லையே என்று நோட்டை மூடி இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜீப்புக்குப் போகிற வழியில் பிரவீன்குமார் நின்றான். “அக்கா, போன பங்குனி உத்திரத்துல ஒங்களுக்கு முன்னாடி காவடி தூக்கிட்டுப் போனது நான்தான். ஞாபகம் இருக்கா? விரதத்துல ஒரு உயிரையும் கொல்லாம விட்டது புண்ணியம்க்கா, நான் இல்லேங்கல. ஆனா ஃபார்ம்ல புண்ணியம் எழுதறதுக்கு எடமில்ல. மனசுல வச்சுக்காதீங்க.”

மங்கையர்க்கரசி நோட்டை இடுக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் ஜெயராணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: “பூச்சிக்கெல்லாம் எரக்கப்பட்டா, நம்ம புள்ளைகளுக்கு யாரு எரக்கப்படுவா?” தண்ணீர்க் குடத்தோடு பதினைந்து வருஷம் சேர்ந்து நடந்தவள் அவள். அன்றைக்குப் பிறகு டேங்கர் வரிசையில் அவள் மங்கையர்க்கரசிக்கு இடம் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டாள்.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. நாலா. ஓடையே இல்லாத இடத்தில் ஓடைப் பூச்சி ஆராய்ச்சி எதற்கு என்று ஷோபனாவின் கூடத்திலும் வேலையை முடித்துவிட்டார்கள். அவள் குப்பிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். வலையையும் தட்டையும், மிச்சமிருந்த ஸ்பிரிட்டையும், ஒன்பது காலிக் குப்பிகளையும் விட்டுவிட்டாள். “வச்சுக்கங்கக்கா. எனக்கு இது எதுக்கு?” கப்பல் ஏறும்போது இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மறுபடி பங்குனி. மூன்று வருஷ வேண்டுதல் அல்லவா, மங்கையர்க்கரசி இரண்டாம் வருஷக் காப்பைக் கட்டிக்கொண்டாள். சேற்றுத் தண்ணீரில் அலசி அலசி மஞ்சள் சேலை காவி மாதிரி ஆகியிருந்தது. லாரிகள் ரோட்டில் நாள் முழுக்கப் போய்வந்தன. ஓடை இருந்த பள்ளத்தில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும் நிரவியாகிவிட்டது.

இருந்தாலும் அவளுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. டிக்ரியின் மேல் மடிப்பில், மிஷின் எட்டாத இடத்தில், ஒரு பாறை இடுக்கில் தண்ணீர் கசியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கவிப்ரியா அங்கே நண்டு பிடிப்பாள். அங்கே மூணுவால் இருந்தால்? பங்குனி மாசத்துக் குப்பி ஒன்பதையும் இப்போது நிரப்பிக் கொடுத்துவிட்டால்? மறுபடி ஒரு மனுப் போடலாம். விரதமா, ஊர்த் தண்ணீரா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், காப்புக் கட்டின கையோடு வலையையும் தட்டையும் ஸ்பிரிட்டையும் குப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஏறிவிட்டாள். முருகா, என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைமேல் அதைக் காட்டிவிடாதே என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

தண்ணீர் இருந்தது. ஒரு முழ அகலம். தெளிவாகத்தான் இருந்தது. வலையை ஊன்றிக் கல்லைக் கிளறினாள். தட்டில் சருகு. மறுபடி கிளறினாள். ஒரு நத்தை. ஒன்பது தரமும் கிளறினாள். வெயில் ஏறிவிட்டது. ஒன்பதாம் தட்டில், சருகுக்கு அடியில், அது நின்றது. மூன்று வால். விலாச் செதில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நன்றாக வளர்ந்தது, இன்னும் நாலைந்து நாளில் இறக்கை முளைத்துப் பறந்திருக்கும்.

தூரிகையால் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குப்பியில் போட்டாள். ஒரு சுழற்று. அவ்வளவுதான். பென்சிலால் எழுதினாள்: 14 கி.மீ. ஓடை, மேல், பங்குனி 9. மூணுவால் – 1.

இறங்கி ரோட்டுக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற மரத்தடியில் நின்று ஷோபனாவுக்கு அடித்தாள்.

“மேடம், கெடச்சிருச்சு. மேல இருக்குற ஊத்துல. பங்குனி மாசம், வெயில் உச்சத்துல. ஒண்ணு கெடச்சிருக்கு.”

லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

“அக்கா... ஒண்ண வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. அதுவும் அந்த எடத்துக் கணக்கே வேற. உத்தரவும் வந்தாச்சு. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க.” ஷோபனா மூக்கை உறிஞ்சினாள். “அதத் திருப்பி ஊத்துலயே விட்டுருங்கக்கா. பாவம், பொழச்சுப் போவுது.”

“போட்டுட்டேன் மேடம்” என்றாள் மங்கையர்க்கரசி.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கிருஷ்ணன் டேங்கர் வருகிறதா என்று பார்க்க ரோட்டுக்குப் போயிருந்தான். அடுப்படியில் நின்ற கவிப்ரியா, “எங்கம்மா போன? கொஞ்சம் இவனத் தூக்கேன், காலையிலேருந்து நாலு தரம் போயிட்டான்” என்று பிள்ளையை நீட்டினாள். பிள்ளை பாட்டியைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்தது.

“இரு, கையக் கழுவிட்டு வர்றேன்” என்றாள்.

விரலில் ஸ்பிரிட் வாடை இருந்தது. மடியில் செருகியிருந்த குப்பி இடுப்பில் குத்தியது. ட்ரம்மின் மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு சாண் தண்ணீர், காவி நிறத்தில், அசையாமல் கிடந்தது. சொம்பை விட்டு மொண்டாள். கலங்கலைக் கொஞ்சம் தெளியவிட்டுப் பார்த்தாள். தெளியவில்லை. பின்னால் பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தது. “சீக்கிரம் வாம்மா” என்றாள் கவிப்ரியா. காப்புக் கட்டின கையில் சொம்பைப் பிடித்துக்கொண்டு மங்கையர்க்கரசி அங்கேயே நின்றாள்.